இரண்டாவது குடம்

ஒரு கிழவிக்கு இரண்டு பெண்கள். கூலி வேலை செய்து இருவரையும் வளர்க்கிறாள். பெண்கள் ஆளானதும் ஒரு நாள் இளையவள் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: "அம்மா பட்ட பாடு போதும். நான் பூமரமாகிறேன். நீ பூப்பறித்து விற்றுவிட்டு வா. இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வர வேண்டும். தண்ணீரில் நகம் படக்கூடாது. முதல் குடத்தை என்மேல் ஊற்று, மரமாவேன். கிளை ஒடியாமல், இலை கிழியாமல் வேண்டிய பூவைப் பறித்துக்கொள். பிறகு இரண்டாவது குடத்தை ஊற்று. மறுபடியும் நானாவேன்."

கன்னடத்தில் பெண்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதை இது. ஏ.கே. ராமானுஜன் கேட்டுத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1997-இல் வெளிவந்த தொகுப்புக்கு "பூமரம்" என்ற இந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் "நகம் படக்கூடாது" என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். தன் உடம்பையே மரமாக்கிப் பூக்கத் துணிந்த ஒருத்தி, தன் அக்காவிடம் கேட்பது அவ்வளவுதான்.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனையில் பூ விலைபோகிறது. அந்தப் பூ எங்கிருந்து வருகிறது என்று இளவரசன் ஒளிந்திருந்து பார்க்கிறான், இளையவளை மணக்கிறான். இரவுதோறும் அவளை மரமாகச் சொல்லிப் பூ உதிர்த்துக்கொள்கிறான். வாடிய பூக்கள் சன்னலுக்கு வெளியே குவிவதைப் பார்த்த சின்ன நாத்தனார் ரகசியத்தைக் கண்டுபிடித்து, தோழிகளோடு சேர்ந்து அவளைத் தோப்புக்கு இழுத்துப் போகிறாள். அந்தப் பெண்கள் கிளைகளை ஒடித்து, இலைகளைக் கிழித்துப் பூப்பறிக்கிறார்கள். மழை வருகிறது. இரண்டாவது குடத்தை அவசரமாக, பாதி மேலும் பாதி தரையிலுமாகக் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். மனித உருவுக்கு முழுதாகத் திரும்ப முடியாமல், கையும் காலும் இல்லாத உடம்பாக அவள் சாக்கடையில் கிடக்கிறாள். பருத்தி வண்டிக்காரன் ஒருவன் தூக்கிப்போய் வேறோர் ஊரின் பாழடைந்த மண்டபத்தில் விடுகிறான். அந்த ஊர் ராணி இளவரசனின் அக்கா. பரதேசியாகத் திரிந்து அதே ஊருக்கு வந்து சேரும் இளவரசன்தான் கடைசியில் முதல் குடத்தை ஊற்றி, ஒடிந்த கிளைகளை நிமிர்த்திக் கட்டி, இரண்டாவது குடத்தை ஊற்றி அவளை மீட்கிறான்.

உலகம் முழுக்க இன்று பழங்கதைகளைத் திரும்ப எழுதுகிறார்கள். பெண்கள் எழுதுகிறார்கள். சும்மா கிடந்த இளவரசிகள் எழுந்து ஓவியம் வரைகிறார்கள், பாடுகிறார்கள், நெய்கிறார்கள், காட்டை விட்டுத் தாமாகவே வெளியே வருகிறார்கள். அவற்றைத் தேடித் தேடிப் படிக்கிறவள் நான். படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. மரமாகிறவள்மேல் இந்தக் கதைகள் வைத்திருக்கும் அன்பில் பாதிகூடத் தண்ணீர் ஊற்றுகிறவள்மேல் வைப்பதில்லை. முதல் குடத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். ஒரு பெண் எப்படிக் கலைஞராகிறாள் என்பது முதல் குடம். பூத்து முடித்த பிறகு அவளை யார் மனுஷியாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பது இரண்டாவது குடம். அதை எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

மேலே சொன்ன கதையே சாட்சி. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் இதை இசை நாடகமாக்கினார். 2006-இல் வியன்னாவில், மொசார்ட் பிறந்த 250-ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்தில் அரங்கேறியது. இளையவளுக்குக் குமுதா என்று பெயர். தனிக்குரல்கள் மூன்று: குமுதா, இளவரசன், கதைசொல்லி. குழுவினர் பாடுகிறார்கள், நடனக்காரர்கள் ஆடுகிறார்கள். குடம் சுமந்த அக்காவுக்கு மட்டும் தனிக்குரல் இல்லை. ஆடம்ஸின் இசை அழகானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூலக் கதையே அக்காவைத் திருமணத்தோடு கைவிட்டுவிடுகிறது. அந்தக் கைவிடலை மறுகூறலும் அப்படியே வாங்கிக்கொண்டது.

நீலத்தாடிக்காரன் கதைக்கு நடந்தது இன்னும் நுட்பமானது. பிரான்சில் பெரோ 1697-இல் அச்சிட்ட வடிவில், கொலைகாரக் கணவன் கீழே காத்திருக்கிறான். கோபுரத்தின் உச்சியில் நிற்கும் ஆன் என்ற சகோதரியிடம் மனைவி திரும்பத் திரும்பக் கேட்கிறாள், யாராவது வருவது தெரிகிறதா என்று. தெரிவது புழுதியும் புல்லும்தான். காப்பாற்ற வருகிறவர்கள் அண்ணன்மார். ஆனாலும் அந்தக் கதையின் உயிர் கோபுரத்தில் நிற்கும் அந்தக் கண்களில் இருக்கிறது. 1979-இல் ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் இதைத் திரும்ப எழுதியபோது நாயகியைப் பியானோ வாசிப்பவளாக்கினார். காப்பாற்றத் தாயே குதிரையேறித் துப்பாக்கியோடு வருகிறாள். எத்தனை துணிச்சலான மாற்றம்! ஆனால் நாயகி ஒற்றைப் பிள்ளை. கதைக்குள் கலை வந்தது, சகோதரி போய்விட்டாள். இரண்டுக்கும் ஒரே கதையில் இடமில்லை என்பதுபோல.

இடம் உண்டு என்பதற்கு கிரிம் சகோதரர்கள் திரட்டிய இன்னொரு ஜெர்மானியக் கதை இருக்கிறது, ஃபிட்ச்சரின் பறவை. மந்திரவாதி ஒருவன் மூன்று சகோதரிகளை ஒவ்வொருவராகக் கவர்ந்து போகிறான். தடுக்கப்பட்ட அறையைத் திறந்த மூத்தவர்கள் இருவரையும் வெட்டிப்போடுகிறான். மூன்றாமவள் அதே அறைக்குள் போய், அக்காக்களின் தலை, உடல், கை, கால் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பொருத்திவைக்கிறாள், அவர்கள் உயிர்பெறுகிறார்கள். பிறகு ஒரு மண்டை ஓட்டுக்கு நகை பூட்டி, மலர் சூட்டி, மணப்பெண் பார்த்துக்கொண்டிருப்பதுபோலச் சன்னலில் வைக்கிறாள். தான் தேனில் தோய்ந்து இறகில் புரண்டு, யாரும் அறியாத பறவையாகி வெளியே நடக்கிறாள். அவள் சிற்பி, ஒப்பனைக்காரி, நடிகை, தங்கை, நான்கும் ஒருத்தியே. அக்காக்களை ஒட்டவைத்த அதே கைகள்தான் அந்தப் பொம்மை மணப்பெண்ணையும் செய்தன. இந்தக் கதையைவிட இளவரசர்கள் முத்தமிடும் கதைகள் ஏன் அதிகம் பரவின என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் அம்மா தஞ்சாவூர் ஓவியம் வரைந்தவர். வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து கடைக்கு வரைந்து கொடுப்பார். பலகையில் துணியை ஒட்டி, சாக் பொடியும் பசையும் குழைத்த கலவையைப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, கோடு போடுவார். நகையும் தூணும் திரைச்சீலையும் வரும் இடங்களில் அந்தக் கலவையையே புடைப்பாக எழுப்ப வேண்டும். கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, அதன் பிறகுதான் வண்ணம். கடைசியில் கண். தீபாவளிக்கு முன் வேலை குவியும், அது ஐப்பசி அடைமழையும் கூட. பூசிய கலவை காயவே காயாது. அந்த நாட்களில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பெரியம்மா பஸ் ஏறி வந்துவிடுவார். சமையல், எங்கள் பள்ளிக்கூடம், அப்பாவின் கோபம் எல்லாம் அவர் பொறுப்பு. பலகையைக் கரி அடுப்புக்கு எவ்வளவு தூரத்தில் வைத்தால் வெடிக்காமல் காயும் என்பது அம்மாவைவிடப் பெரியம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது முதல் குடம். எல்லோருக்கும் தெரிந்தது, ஊரும் பாராட்டியது.

எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு நடப்பது. கடைசிப் படத்துக்குக் கண் திறந்து, கடைக்காரர் வந்து எடுத்துப் போனதும் அம்மா வெறுமையாகிவிடுவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். தட்டில் சோறு ஆறிப்போகும். பசை காய்ந்து வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்துவிட்டதே என்று பெரியம்மா ஊருக்குக் கிளம்பியதில்லை. அந்த விரல்களில் நல்லெண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகப் பயத்தமாவு தேய்த்துக் கழுவுவார். தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். பின்னிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்: யார் வீட்டில் பசு கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள். ஒரு கட்டத்தில் அம்மா சிரித்துவிடுவார். அப்புறம் ஏதாவது ஒன்றுக்கு எங்களைத் திட்டுவார். திட்டு விழுந்ததும் பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். கிளை ஒடியாமல், இலை கிழியாமல், நகம் படாமல் தன் தங்கையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் அல்லவா!

அந்தப் படங்களில் அம்மாவின் பெயர் இல்லை. அப்படிக் கையெழுத்திடும் வழக்கம் அந்தத் தொழிலில் இருக்கவில்லை. இன்று எந்தெந்த வீட்டுப் பூஜையறைகளில் அவர் வரைந்த வெண்ணெய்க் கிருஷ்ணர்கள் இருக்கிறார்களோ. பெரியம்மாவின் பெயரை எழுத அதில் இடமே கிடையாது.

பெயர் என்றதும் திருவையாறு நினைவுக்கு வருகிறது. மறுகூறல் ஏதோ மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு நான் முத்துப்பழனியைத்தான் காட்டுவேன். 18-ஆம் நூற்றாண்டு, தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அரசவை. அங்கே இருந்த கணிகை, கவி. ராதை கண்ணன் கதையைத் தெலுங்கில் "ராதிகா சாந்தவனமு" என்று பாடினார். அதில் ராதை, தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். புதுப்பெண்ணுக்கும் புத்தி சொல்லி, கண்ணனுக்கும் புத்தி சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு தாங்க முடியாமல் தவிக்கிறாள், கோபம் கொள்கிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். ஒரு பெண்ணின் ஆசையையும் பொறாமையையும் அவள் வாயாலேயே சொல்லவைத்த காவியம். நூலின் முன்னுரையில் தன் பாட்டியையும் தன் மரபையும் பெருமையோடு எழுதிக்கொண்டார் முத்துப்பழனி.

மரம் பூத்தது. அதன் பிறகு வந்த கைகள் கிளையை ஒடித்தன. 19-ஆம் நூற்றாண்டில் வந்த அச்சுப் பதிப்பில் அந்த முன்னுரையும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. இன்னொரு பெண்ணின் கண்ணில் பட்ட பிறகுதான் முழு நூல் கிடைத்தது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து, விட்டுப்போனவற்றைச் சேர்த்து 1910-இல் வெளியிட்டார். வீரேசலிங்கம் பந்துலு போன்ற சீர்திருத்தக்காரர்களே ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று முகம் சுளித்தார்கள். ஆண் கவிகள் எழுதினால் மட்டும் அது சிருங்காரமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஆங்கிலேய அரசு நூலைத் தடை செய்தது. விடுதலைக் காலத்தில், பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

முத்துப்பழனிக்கும் நாகரத்தினம்மாளுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்ததில்லை. இதைச் சகோதரித்துவம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வேன்? ஒடிந்த கிளைகளை நிமிர்த்திக் கட்டிவிட்டு இரண்டாவது குடத்தை ஊற்றினார் நாகரத்தினம்மாள். வெறும் பாடல்களாக மிஞ்சியிருந்தவள், பாட்டியும் பெயரும் ஊரும் உள்ள மனுஷியாகத் திரும்பி வந்தாள்.

இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதிக்குத் தன் சேமிப்பைக் கொட்டிக் காவிரிக்கரையில் கோயில் எழுப்பியவர். 1920-களில் குடமுழுக்கு நடந்தது. கோயில் கட்டியவர் அவர். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அன்று அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பிறகே எல்லாப் பிரிவும் ஒன்றாயின. 1952-இல் அவர் மறைந்தார். தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அவர் சிலையை, தை மாதக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பலர் கவனிப்பதே இல்லை. நான் பஞ்சரத்தினம் கேட்கப் போனால் முதலில் அங்கேதான் நிற்பேன்.

உடன்பிறந்தவர்களாகவே பாடியவர்களும் உண்டு. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும். குடும்பம் சென்னையில் வாழ்ந்தது என்றாலும் வேர் தஞ்சை அரசவையில். ஆடலும் பாடலும் தாய்வழியாக வந்த வீடு. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குக் காதல் பாடல்களான பதங்களை அவர்கள் பாடிய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். பதம் அவசரப்படாது. அக்காவின் குரல் போகும் பாதையிலேயே தங்கையின் குரலும் நிழல் பிரியாமல் போகிறது; வளைவுகளில் எது எவருடையது என்று பிரிக்க முடிவதில்லை. 1976-இல் பிருந்தாவுக்கு சங்கீத கலாநிதி வழங்கினார்கள். முக்தாவுக்கு அது கிடைக்கவேயில்லை. பிருந்தா அதற்கு முழுக்கத் தகுதியானவர். ஆனால் அந்தப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் அந்த விருதை இருவர் கைகளிலும் வைத்துத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சடங்குகளிலும் இதே குறை உண்டு. தைப்பூசத்தன்று கொள்ளிடக்கரைக்கு வரும் சமயபுரம் மாரியம்மனுக்கு, ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் அண்ணன் என்ற முறையில் சீர் அனுப்புகிறார். புடவை, மாலை, மங்கலப் பொருட்கள். பார்க்கக் கண்கொள்ளாது. அண்ணன் தங்கைக்குச் சீர், தாய்மாமன் சீர், பிறந்த வீட்டுச் சீர். அக்கா தங்கைக்கு வைக்கிற சீர் என்று ஒன்றை நான் கண்டதில்லை. வாய்க்கால் மேட்டில் ஏழு கல் நட்டு ஏழு கன்னிமார் என்று கும்பிடுகிறோம். அவர்கள் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் என்ன செய்தார்கள் என்று கதை கேட்டால் சொல்ல ஆள் குறைவு.

சங்கப் பாடலில் மட்டும் ஒரு கீற்று கிடைக்கிறது. நற்றிணை 172. சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள்: "நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்." அந்த மரம் உங்களுடன் பிறந்தவள், உங்களைவிடச் சிறந்தவள். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள். மரத்தைச் சகோதரியாக நினைத்து ஊற்றி வளர்த்த பெண்கள் நம் கடற்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். கன்னடக் கதையை நம் மண்ணில் திரும்பச் சொல்ல இதைவிட வேறு உரிமைச் சீட்டு வேண்டியதில்லை.

மயிலாடுதுறையில் இருக்கும் என் அக்காவின் பெண்களுக்குப் பூமரக் கதையைச் சொன்னேன். கதை முடிந்து, இளவரசி முழுதாக எழுந்து நின்றதும் மூத்தவள் கேட்டாள்: "சித்தி, அந்தப் பெரிய அக்கா எங்கே போனாள்? தங்கையைக் காணவில்லை என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக மூவரும் சேர்ந்து கதையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மரம் புன்னை. தோப்பில் உடைபட்டவளை மழைவெள்ளம் வாய்க்காலில் தள்ளுகிறது. கல்லணைக்குக் கீழே ஆறு பிரிந்து பிரிந்து போகிற நாடு இது. எந்தக் கிளையில் போனாள் என்று எப்படித் தெரியும்? அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மதகு மதகாக நடக்கிறாள். ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரைக் கேட்கிறாள், நாற்று நடும் பெண்களைக் கேட்கிறாள், பருத்தி வண்டிக்காரனைக் கேட்கிறாள். கடைசியில் நாகைப் பக்கத்துக் கடைமடையில் தங்கையைக் கண்டுபிடிக்கிறாள். குடத்தில் கொண்டுபோன தண்ணீர் ஒன்றுக்குத்தான் காணும். முதல் குடத்தை ஊற்றுகிறாள். கை கால் இல்லாத உடம்பு ஒடிந்த மரமாகிறது. எந்தக் கிளை எங்கே இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும், எத்தனை முறை பூப்பறித்தவள்! தன் புடவையைக் கிழித்துக் கிழித்துக் கட்டுகிறாள். இரண்டாவது குடத்துக்குத் தண்ணீர் இல்லை. கிணற்றில் உப்பு. மேட்டூரைத் திறந்து, ஆறு நிறைந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை மரத்தின் காவலில் உட்கார்ந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் அந்தக் காத்திருப்புதான் எங்கள் கதையின் பெரும்பகுதி. அக்கா என்ன செய்வாள், யாரோடு பேசுவாள், எதைச் சாப்பிடுவாள், மரம் அவள் பேச்சைக் கேட்குமா என்பதை எல்லாம் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

கணவன் வருகிறான், தண்ணீர் சுமக்கிறான். அவனை வேண்டாம் என்று நாங்கள் துரத்தவில்லை. சின்ன நாத்தனாரை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. அவள் கையாலேயே ஒரு கிளையைக் கட்டவைக்கலாம் என்கிறேன் நான். அவளைத் தொடவே விடக்கூடாது என்கிறாள் மூத்தவள். எனக்கு இன்னும் சம்மதமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

படங்களை மூத்தவள் வரைகிறாள். புன்னைப்பூவின் நடுவே மஞ்சள் சரியாக வரவேண்டும் என்று என் அம்மாவின் பழைய தூரிகைகளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். சின்னவளுக்கு வரைய வராது. வண்ணம் கலக்குகிறாள், தூரிகை கழுவுகிறாள், மழைநாளில் தாள்களை விசிறிக் காயவைக்கிறாள். அட்டையில் யார் யார் பெயர் என்று அவள்தான் முதலில் கேட்டாள். இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும் என்று சொல்லிவிட்டேன். யார் பெயர் முதலில் என்று இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.